ட்யூக் கரீபியன்: லைஃப்ஸ் எ பீச்

ட்யூக் கரீபியன்: லைஃப்ஸ் எ பீச் என்பது, 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் உருவாக்கி 1996-இல் வெளிவந்த 'ட்யூக் நியூக்கம் 3டி' என்ற முதல்நிலைப் பார்வைச் சுடும் விளையாட்டின் விரிவாக்கத் தொகுப்பு. சன்ஸ்டார்ம் இன்டராக்டிவ் உருவாக்கியது. 1997 இறுதியில் விசார்ட்வொர்க்ஸ் வெளியிட்டது. இதனை ஆட மூல விளையாட்டும் தேவைப்பட்டது.

கதையும் களமும்: ஓய்வெடுக்கக் கரீபியன் கடற்கரைக்கு வரும் நாயகன் ட்யூக், வேற்றுக்கோள்வாசிகளும் அங்கே விடுமுறை கொண்டாடுவதைக் காண்கிறான். சொகுசுக் கப்பல், நீர் விளையாட்டுப் பூங்கா, சந்தை ஆகியவை மோதல் களங்களாகின்றன. கைத்துப்பாக்கிக்குப் பதில் தண்ணீர்த் துப்பாக்கி. எதிரிகளான பன்றிமுகக் காவலர்களுக்குப் பூப்போட்ட சட்டை. ஆட்டமுறையில் மாற்றமில்லை: எதிரிகளை வீழ்த்தி, வண்ணச் சாவி அட்டைகளைத் தேடிக் கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும்.

தொழில்நுட்பம்: இவ்விளையாட்டை இயக்கும் மென்பொருளான, கென் சில்வர்மேன் எழுதிய 'பில்ட்' இயந்திரத்தில் எதிரிகளும் ஆயுதங்களும் தட்டையான படங்களே. படங்களையும் ஒலிகளையும் மாற்றினாலே விளையாட்டின் தோற்றம் மாறிவிடும். எதிரியின் வலு, திரையில் தோன்றும் வாசகங்கள் போன்றவை 'கான்' என்னும் உரைக் கோப்புகளில் இருந்ததால், இயந்திரத்தைத் தொடாமலே அவற்றைத் திருத்த முடிந்தது.

மறுவெளியீடு: 2013-இல் ஸ்டீம் விளையாட்டு விற்பனைத் தளத்தில் வந்த, மூல விளையாட்டின் 'மெகாடன்' பதிப்பில் இதுவும், கிறிஸ்துமஸை மையமாகக் கொண்ட 'நியூக்ளியர் வின்ட்டர்' விரிவாக்கமும் இடம்பெற்றன.