இயல்பு என்ற சொல்லுக்கு ஒரு வரையறை

இலக்கிய வகுப்பில் நாம் மிகுதியாகப் பயன்படுத்துவதும் மிகக் குறைவாக விளக்குவதுமான சொல் 'இயல்பு'. 'நடை இயல்பாக அமைந்துள்ளது' என்று மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் பதினைந்து ஆண்டுகளாக எழுதி வருகிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி, "இயல்பு என்றால் என்ன ஐயா?" என்று கேட்டுவிட்டாள். நான்கு எடுத்துக்காட்டுகள் சொன்னேன், வரையறை சொல்லவில்லை. சொல்ல என்னிடம் இல்லை.

கணிதத் துறையில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். கணிதவியலாளர்களும் அந்தச் சொல்லை நெடுங்காலம் அப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்றார். 'இந்த உறவு இயல்பானது' என்று எழுதுவார்கள், படிப்பவர் தலையசைப்பார், பொருளை யாரும் கேட்க மாட்டார்கள். 1945இல் இருவர் அதற்கு வரையறை எழுதினார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்கள் ஒரு புதிய துறையைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் கேட்டகரி தியரி என்று வழங்கும் அத்துறையை வகைமைக் கோட்பாடு எனலாம். நண்பரோடு பல மாலைகள் உட்கார்ந்து நான் புரிந்துகொண்ட அதன் வரலாறு இது.

கதை ஜெர்மனியின் கோட்டிங்கனில் தொடங்குகிறது. வடிவங்களை ஆராயும் டோபாலஜி என்ற துறை, ஒரு வடிவத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்பதை எண்களால் குறித்துவந்தது. 1920களில் எம்மி நோதர், அந்த எண்களுக்குப் பின்னால் குலங்கள் என்னும் இயற்கணித அமைப்புகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இது வெறும் பெயர் மாற்றம் அன்று. இரண்டு எண்களைப் பெரிது, சிறிது, சமம் என்று ஒப்பிடலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு குலத்திலிருந்து இன்னொரு குலத்துக்குப் பாதை போடலாம். ஒரு வடிவத்தை இன்னொன்றுக்குள் கொண்டுசெல்லும்போது, முதலாவதன் குலமும் இரண்டாவதன் குலத்துக்குள் செல்கிறது. பொருள்களோடு பொருள்களுக்கு இடையிலான வழிகளும் கணக்கில் வந்தன.

இந்தச் சூழலில் 1931இல் கோட்டிங்கன் வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞர் சாண்டர்ஸ் மக்லேன். 1933 ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டத்தால் யூதப் பேராசிரியர்கள் பணியிழந்தார்கள். நோதர் போனார், மக்லேனின் ஆய்வு நெறியாளர் பால் பெர்னைஸும் போனார். மக்லேன் தம் ஆய்வேட்டை அவசரமாக முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அமெரிக்காவில் அடைக்கலம் பெற்ற நோதர் 1935இல் மறைந்தார்.

இன்னொருவர் சாமுவேல் ஐலன்பெர்க். 1913இல் வார்சாவில் பிறந்த யூதர். 1936இல் முனைவர் பட்டம் பெற்றவர். போலந்தை விட்டுப் போய்விடு என்று அவருடைய தந்தை வற்புறுத்தியதால் 1939 வசந்தத்தில் அமெரிக்கா வந்தார். சில மாதங்களில், செப்டம்பரில், போலந்தின் மீது படையெடுப்பு தொடங்கியது. 1940இல் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் பணியேற்றார்.

1941இல் மக்லேன் அங்கே சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்த வந்தார். அவர் பேசியது குல நீட்சி பற்றி. அது தூய இயற்கணிதம். பேச்சின் ஊடே அவர் கணக்கிட்டுக் காட்டிய ஒரு குலம், ஐலன்பெர்க்குக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருந்தது. சாலினாய்டு என்னும் முடிவின்றிச் சுற்றிக்கொண்டே போகும் வடிவத்தை ஆராய்ந்த நார்மன் ஸ்டீன்ராட், முற்றிலும் வேறு வழியில் அதே விடையை அடைந்திருந்தார். ஒருவர் இயற்கணிதத்திலிருந்தும் மற்றவர் வடிவத்திலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள். இது தற்செயலா? இருவரும் இரவெல்லாம் விழித்துக் கணக்குப் போட்டார்கள். தற்செயல் அல்ல என்பது தெளிந்தது. அதன் விளைவான கட்டுரை 1942இல் வெளிவந்தது.

ஆனால் அதை எழுதும்போது ஓர் இடையூறு. இந்த இரண்டு குலங்களும் ஒத்திருக்கின்றன என்றால் போதவில்லை. 'இயல்பாக' ஒத்திருக்கின்றன என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல் இல்லாமல் நிரூபணம் நகரவில்லை. சொல்லுக்கோ வரையறை இல்லை.

இயல்பாக ஒத்திருப்பதற்கும் எப்படியோ ஒத்திருப்பதற்கும் என்ன வேறுபாடு? 1945ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர்கள் வெக்டர் வெளியை வைத்து விளக்கினார்கள். நான் அதை ஒரு மளிகைக் கடையில் வைத்துப் புரிந்துகொண்டேன்.

என் கையில் ஒரு சீட்டு: அரிசி 2 கிலோ, பருப்பு 1 கிலோ. கடைக்காரரிடம் ஒரு விலைப்பட்டியல்: அரிசி கிலோ 60 ரூபாய், பருப்பு கிலோ 150 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் ஒரு தொகை: 270 ரூபாய். சீட்டுகள் எல்லாம் ஓர் உலகம். விலைப்பட்டியல்கள் எல்லாம் இன்னோர் உலகம். இரண்டும் ஒரே அளவின. ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பட்டியலை இணையாக வைக்கலாம் என்று தோன்றும். '2 கிலோ, 1 கிலோ' என்ற சீட்டுக்கு 'கிலோ 2 ரூபாய், கிலோ 1 ரூபாய்' என்ற பட்டியலை வைப்போம். இப்போது அதே சீட்டைக் கிராமில் எழுதுங்கள்: 2000 கிராம், 1000 கிராம். அதே விதிப்படி அரிசி கிராம் 2000 ரூபாய். அதாவது கிலோ 20 இலட்சம் ரூபாய்! பையில் உள்ள அரிசி மாறவில்லை. நாம் தேர்ந்த அலகு மாறியதும் உறவு உடைந்துவிட்டது. ஒற்றுமை பொருள்களில் இல்லை; நம் தேர்வில் இருந்தது.

இன்னொரு வழி உண்டு. அதே சீட்டை எடுத்துக்கொண்டு பத்துக் கடைகளுக்குப் போகிறேன். ஒவ்வொரு கடையின் பட்டியலுக்கும் என் சீட்டு ஒரு தொகையைத் தருகிறது. அப்படியானால் சீட்டு என்பதே, எந்த விலைப்பட்டியலைக் கொடுத்தாலும் ஒரு தொகையைச் சொல்லும் விதி. சீட்டை இப்படிப் பார்ப்பதற்கு அலகு எதையும் நான் தேர வேண்டியதில்லை. கிலோவில் எழுதினாலும் கிராமில் எழுதினாலும் தொகை ஒன்றே. முதலில் அலகை மாற்றிவிட்டு அப்புறம் விதியாகப் பார்த்தாலும், விதியாகப் பார்த்துவிட்டு அப்புறம் அலகை மாற்றினாலும், இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இதுவே இயல்பு: எந்த மாற்றத்தின் வழியாகச் சென்றாலும் இரு பாதைகளும் இணங்கி நிற்றல்.

இதை எல்லா இடத்துக்கும் பொருந்தச் சொல்ல அவர்கள் மூன்று படிகள் கட்டினார்கள். முதற்படி வகைமை: சில பொருள்கள், பொருளிலிருந்து பொருளுக்குச் செல்லும் அம்புகள். ஓர் அம்பு முடியும் இடத்தில் இன்னோர் அம்பு தொடங்கினால் இரண்டையும் கோத்து ஓர் அம்பாக்கலாம். மூன்றைக் கோக்கும்போது முதலிரண்டை முன்னே கோத்தாலும் பின்னிரண்டை முன்னே கோத்தாலும் பயன் ஒன்றே. ஒவ்வொரு பொருளுக்கும் தன்னிடமே திரும்பும், எதையும் மாற்றாத ஓர் அம்பு உண்டு. விதி இவ்வளவே. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் படி ஃபங்க்டர்: ஒரு வகைமையின் பொருள்களையும் அம்புகளையும், கோவை குலையாமல் இன்னொரு வகைமைக்குக் கொண்டுசெல்வது. மூன்றாம் படி, ஒரு ஃபங்க்டரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இயல்பு மாற்றம். மூன்றாவதைச் சொல்ல இரண்டாவது வேண்டியிருந்தது. இரண்டாவதைச் சொல்ல முதலாவது.

பெயர்களை அவர்கள் தத்துவத்திடமிருந்து வாங்கினார்கள். வகைமை என்னும் சொல் அரிஸ்டாட்டிலிடமும் காண்ட்டிடமும் பெற்றது. ஃபங்க்டர், மொழியின் தர்க்கத்தை ஆராய்ந்த கார்னாப்பிடம் எடுத்தது. இந்தப் பொருளில் இனி வேறு கட்டுரை தேவைப்படாது என்றே ஐலன்பெர்க் நினைத்தாராம். 'அருவ அபத்தம்' என்ற கேலிப்பெயரும் இத்துறைக்கு ஒட்டிக்கொண்டது. அதைக் கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. செல்லமாகச் சொன்னவர்களும் உண்டு.

1954 வாக்கில் பாரிஸின் கார் டு நோர் ரயில் நிலையத்துச் சிற்றுண்டியகத்தில், நொபுவோ யொனேதா என்ற ஜப்பானிய இளைஞரோடு மக்லேன் உரையாடினார். பேச்சு ரயில் புறப்படும் வரை நீண்டது. அதில் கேட்ட ஒரு துணைத்தேற்றத்துக்கு மக்லேன் அந்த இளைஞரின் பெயரையே வைத்தார். ஒரு பொருளை நோக்கி மற்ற எல்லாப் பொருள்களிலிருந்தும் வரும் அம்புகளை முழுமையாக அறிந்தால், அந்தப் பொருளை அறிந்தாயிற்று. அதற்கு மேல் அறிய மிச்சம் எதுவுமில்லை என்பதே அதன் சாரம். தமிழில் 'பொருள்' என்பது பண்டத்தையும் குறிக்கும், சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

பிறகு துறை வளர்ந்தது. 1957இல் அலெக்சாண்டர் குரோதெண்டீக் தம் ஜப்பானிய இதழ்க் கட்டுரையில் வகைமைகளைக் கொண்டு ஹோமாலஜி இயற்கணிதத்துக்கு அடித்தளம் இட்டார். 1958இல் டேனியல் கான் இணை ஃபங்க்டர்களை அறிமுகப்படுத்தினார். 1963இல் ஐலன்பெர்க்கின் மாணவர் வில்லியம் லாவீர், இயற்கணிதக் கோட்பாடுகளையே வகைமைகளாக எழுதலாம் என்று காட்டினார். 1990களில் இக்கருத்துகள் ஹாஸ்கெல் என்ற கணினி மொழிக்குள்ளும் நுழைந்தன.

ஊரிழந்தவர்கள் உருவாக்கிய கணிதம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்ல ஆசை வருகிறது. ஐலன்பெர்க் அகதி. குரோதெண்டீக் சிறுவயதில் தாயோடு முகாமில் அடைபட்டவர். அவருடைய தந்தை 1942இல் அவுஷ்விட்சில் மடிந்தார். சொந்த மண் பறிபோனவனுக்குத்தான் உறவுகளே எல்லாம் என்று தோன்றும் என எழுதிவிடலாம். ஆனால் மக்லேன் அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் மகன். அந்த விளக்கத்துக்கு அவர் இணங்க மாட்டார். அலகை மாற்றினால் உடையும் உறவு அது. நாமே தேர்ந்து வைப்பது.

ஐலன்பெர்க்குக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்களைச் சேர்ப்பதில் அவர் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். கலை உலகில் அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்தார்களாம். 1998இல் அவரும் 2005இல் மக்லேனும் மறைந்தார்கள்.

அந்த மாணவிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. கணித வரையறையை அப்படியே பெயர்த்து இலக்கியத்தில் நடுவதும் பிழையாகத்தான் முடியும். ஆனாலும் இப்போது தாள் திருத்தும்போது அந்தச் சொல்லில் பேனா தயங்குகிறது. ஒரு வரி எனக்கு இயல்பாகப் படுகிறது என்றால், அந்த இயல்பு வரியில் இருக்கிறதா, நான் பழகிய அலகில் இருக்கிறதா? வேறோர் ஊரில், வேறொரு காலத்தில் வாசிப்பவரின் அளவுகோலிலும் அது நிற்குமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தச் சொல்லை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பருவத்துத் தாள்களில் அது இரண்டு முறைதான் வந்திருக்கிறது.