சிறையிலிருந்து ஓர் உரையாடல்

1928-ஆம் ஆண்டுக் கோடையில், பத்து வயது நிரம்பிய இந்திரா முசௌரி மலையில் இருந்தார். தந்தை நேருவோ அலகாபாத்தில். அருகிருந்தால் மகள் ஓயாது கேள்வி கேட்பாள். தந்தை விடை கூறுவார். பிரிவு அதற்குத் தடையாயிற்று. அத்தடையை நீக்கவே கடிதங்கள் பிறந்தன. பூமி தோன்றியது எவ்வாறு, மொழிகள் கிளைத்தது எவ்வாறு என அவை விரிந்தன. 1929-இல் நூலாக வெளிவந்த அவற்றைப் பிரேம்சந்த் இந்தியில் பெயர்த்தார்.

பின்னர் வந்த பிரிவு கடுமையானது. 1930 அக்டோபர் 26 அன்று, நைனிச் சிறையிலிருந்து மகளின் பிறந்தநாளுக்கு நேரு ஒரு கடிதம் எழுதினார். கைதியிடம் கொடுப்பதற்குப் பரிசுப் பொருள் ஏது? சொல்லையே பரிசாக்கினார். அறிவுரை கூறுவதில் தமக்கு விருப்பமில்லை என்றும், இருவரும் கலந்து பேசியே எது சரி என்று காண வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டார். பெற்றோர் சொல்வதும் பிள்ளைகள் கேட்பதுமே வழக்கமாயிருந்த காலத்தில் இது புதிய குரலே ஆகும்.

1932-இல் சோதனை முற்றியது. அலகாபாத் சிறைக்கு உறவினரைக் காணச் சென்ற நேருவின் தாயாரும் மனைவி கமலாவும் அவமதிக்கப்பட்டனர். தாய் மீண்டும் அந்நிலைக்கு ஆளாகக் கூடாதெனக் கருதிய நேரு, தேராதூன் சிறையில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் எவரையும் சந்திக்க மறுத்தார். முகம் காணும் வழி அடைபட்ட அந்நாளிலும் மகளுக்கு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. எழுதியவை உடனுக்குடன் மகளின் கையில் சேரவில்லை. தாள்கள் சிறையிலேயே குவிந்தன. எனினும் அவள் எதிரில் அமர்ந்திருப்பதாகவே எண்ணி எழுதினார்.

1933 ஆகஸ்டு 9-இல் நிறைவுற்ற அந்த 196 கடிதங்களே 1934-இல் உலக வரலாற்று நூலாயின. தமிழில் அதனைத் தந்தவர் ஓ. வி. அளகேசன்.

அக்கடிதங்களில் ஒலிப்பது தந்தையின் குரல் மட்டுமே. இக்குறையை நேருவும் உணர்ந்திருந்தார். 1989-இலும் 1992-இலும் சோனியா காந்தி தொகுத்து வெளியிட்ட இரு தொகுதிகளில் மகளின் கடிதங்களும் இடம்பெற்ற பின்னரே அந்த உரையாடலின் மறுபாதி உலகுக்குக் கேட்டது.

குடும்பத்தில் நல்ல பேச்சு என்பது சொல்வன்மையன்று. எதிரிலிருப்பவரைச் சிறியவரென எண்ணாமையும், விடை வரத் தாமதித்தாலும் பேச்சை அறுத்துவிடாமையுமே ஆகும். அவ்விரண்டையும் சிறைச்சுவராலும் தடுக்க இயலவில்லை.