நற்பணியைச் சீர்தூக்கிப் பார்ப்போம்



மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு புதுமையை வாசிக்கிறோம். பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். அவருடைய கண்களில் உமிழ்ந்து, தம் கைகளை அவர்மேல் வைக்கிறார். அதன் பிறகு, மற்றப் புதுமைகளில் நாம் காணாத ஒன்று நடக்கிறது. பார்வை வந்ததா என்று இயேசு அந்த மனிதரிடமே கேட்கிறார். அவரும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத்தான் தெரிகிறார்கள் என்கிறார். இயேசு அந்தப் பதிலைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மீண்டும் ஒருமுறை கைகளை வைக்கிறார். அப்போது அவருக்குத் தெளிவான பார்வை கிடைக்கிறது.

நன்மை செய்தபின் அதைப் பெற்றவரிடமே கேட்பது, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, குறை இருந்தால் மறுபடியும் முயல்வது. சமூகப் பணித் துறையில் இதைத்தான் திட்ட மதிப்பீடு என்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் எனத் தென்சென்னைப் புறநகரில் வாழும் நம் பங்குகளிலும் துறவற இல்லங்களிலும் எத்தனையோ நற்பணிகள் நடக்கின்றன. மாலை நேர வகுப்பு, தையல் பயிற்சி, மகளிர் சுயஉதவிக் குழு, முதியோர் இல்லம், குடிநோயாளருக்கான ஆலோசனை எனப் பட்டியல் நீளும். இவற்றில் ஈடுபடுவோருக்கு மதிப்பீட்டுப் பயிற்சி ஏன் தேவை என்று இங்கே சிந்திப்போம்.

தாம்பரம் தரும் பாடம்

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரை நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் கேட்கிறோம். 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளர்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றோடு நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே அக்காலத்தில் உலகமெங்கும் சிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்டது. அது அன்பினால் பிறந்த எண்ணம். ஆனால் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு.

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த உணவோடு, அதே மருந்துகளை உட்கொண்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. ஓராண்டு தாயைப் பிரிந்திருக்க வேண்டிய குழந்தைகள், தாயோடு ஒரே கூரையின்கீழ் வாழ வழி பிறந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசியைக் குறித்த மிகப் பெரிய கள ஆய்வு தொடங்கியது. லட்சக்கணக்கான மக்கள் அதில் பங்கேற்றார்கள். வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை என்று தெரியவந்தது. எதிர்பார்த்தவர்களுக்கு அது கசப்பான செய்தி. ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. எது பயன்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று பிரித்தறிய உதவியது நேர்மையான மதிப்பீடே.

யாரை விட்டுவிட்டோம்?

மதிப்பீடு என்றதும் கணக்குத் தணிக்கையோ குற்றம் கண்டுபிடிப்பதோ என்று நினைத்துவிடுகிறோம். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் திருச்சபையில் அன்றாடப் பந்தி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. எல்லாரையும் கூட்டிப் பேசி, எழுவரைத் தேர்ந்தெடுத்துப் பணியை ஒப்படைத்தார்கள். மொத்தம் எத்தனை பேருக்கு உணவு கொடுத்தோம் என்பதோடு, யாருக்குக் கொடுக்கவில்லை என்ற கேள்வியையும் தொடக்கத் திருச்சபை கேட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இதே கேள்வி நம் கடற்கரையில் எழுந்தது. உதவி வெள்ளமாக வந்தது. சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் வந்து சேர்ந்தன. படகில்லாமல் கூலிக்கு உழைத்த தலித் மக்களும் இருளர் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். 2006ஆம் ஆண்டு வெளிவந்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் அறிக்கை, உள்ளூர் மக்களின் திறனையும் கருத்தையும் உதவி அமைப்புகள் போதிய அளவு மதிக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளைச் சூழ்ந்தபோது நம்மில் பலர் உணவுப் பொட்டலங்களோடு ஓடினோம். அது நல்லது. ஆனால் பெரிய சாலையோரத்தில் இருந்தவர்களுக்கு மூன்று முறை கிடைத்து, உள்ளே இருந்த தெருவுக்கு ஒருமுறைகூடக் கிடைக்காமல் போனதா என்று எத்தனை பங்குகளில் பின்னர் அமர்ந்து பேசினோம்?

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

ஒரு தையல் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். இயந்திரங்கள், ஆசிரியை, நன்கொடை ஆகியவை உள்ளீடு. வகுப்பு நடத்துவது செயல்பாடு. 30 பெண்கள் சான்றிதழ் பெற்றது வெளியீடு. அவர்களில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பது விளைவு. அந்தக் குடும்பங்களில் கடன் குறைந்ததா, பெண் பிள்ளைகள் பள்ளியில் நீடிக்கிறார்களா, வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல் எடுபடுகிறதா என்பவை நீண்டகாலத் தாக்கம். நம் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் வெளியீட்டோடு நின்றுவிடுகின்றன. சான்றிதழ் வழங்கும் புகைப்படத்தோடு கதை முடிகிறது. பயிற்சியின் முதல் பாடம், இந்தப் படிகளைப் பிரித்துப் பார்ப்பது.

இரண்டாவது பாடம், தொடக்க நிலையைப் பதிவு செய்வது. வகுப்பில் சேரும் நாளில் அந்தப் பெண்ணின் வருமானம் என்ன என்று எழுதி வைக்காவிட்டால், ஓராண்டு கழித்து மாற்றம் எவ்வளவு என்று சொல்ல இயலாது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ் வளாகத்தில் ஆடைத் தொழிற்கூடங்கள் உண்டு. ஓர் ஆண்டில் அங்கே ஆள் அதிகம் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மாணவியருக்கு வேலை கிடைத்தது நம் வகுப்பினாலா, அல்லது எப்படியும் கிடைத்திருக்குமா? அதே தெருவில், வகுப்பில் சேராத பெண்களின் நிலையையும் கேட்டால்தான் ஓரளவு விடை தெரியும்.

நான்காவது, கேட்கும் முறை. பயிற்சி அளித்த அருட்சகோதரியே நேரில் போய் வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா என்று கேட்டால், பயனுள்ளது சிஸ்டர் என்றுதான் பதில் வரும். நம் மக்களின் மரியாதை அப்படி. ஆகவே யார் கேட்பது, எங்கே கேட்பது, இடையில் நின்றவர்களை எப்படிக் கண்டுபிடித்துக் கேட்பது என்பதையும் கற்க வேண்டும்.

ஐந்தாவது, மறைவு காத்தல். எச்.ஐ.வி. நோயாளர்கள், குடிநோயிலிருந்து மீள்வோர், வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்கள் ஆகியோரின் பெயரும் படமும் அறிக்கையில் வரக்கூடாது. சம்மதம் பெறாமல் கேள்வி கேட்பதும் கூடாது. பதில் சொல்ல மறுப்பவருக்கு உதவி நின்றுவிடக்கூடாது.

எங்கே கற்கலாம்?

சமூகப் பணியில் முதுகலை பயில்வோர் ஆய்வு முறைகளையும் களப்பணியையும் பாடமாகவே கற்கிறார்கள். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நம் திருச்சபையின் இலயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகள், 1952இல் தோன்றிய எழும்பூர் சென்னை சமூகப் பணிக் கல்லூரி ஆகியவற்றில் இத்துறை உண்டு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகவும் பயிலலாம். வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராயும் ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு 2007இல் சென்னையில்தான் தொடங்கியது. தமிழக அரசும் 2014 முதல் அதனோடு இணைந்து செயல்பட்டிருக்கிறது.

ஆனால் நம் பங்குகளில் பணிபுரியும் களப்பணியாளர்கள், மாலை வகுப்பு ஆசிரியைகள், வின்சென்ட் தே பவுல் சபையினர், அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் பட்டம் பெறப் போக முடியாது. அவர்களுக்குத் தேவை தமிழில், தங்கள் சொந்தத் திட்டத்தையே பாடமாக வைத்து நடக்கும் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் தங்கள் பணியின் படிகளை வரைந்து, கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை எழுதுவது. பிறகு ஒரு மாதம் களத்தில் கேட்பது. இரண்டாம் நாள் திரும்பி வந்து, கிடைத்த பதில்களைச் சேர்ந்து வாசிப்பது. கல்லூரிகளின் சமூகப் பணித் துறைகளை அணுகினால் இதற்கு வழிகாட்டுவோர் கிடைப்பார்கள். களப்பணிக்கு இடம் தேடும் மாணவர்களுக்கும் அது நல்ல வாய்ப்பு.

அச்சமும் சோதனையும்

மதிப்பீடு என்றால் பணியாளர் பயப்படுவது இயல்பு. குறை தெரிந்தால் திட்டம் நிற்குமோ, வேலை போகுமோ என்ற அச்சம். ஆகவே தலைமையில் இருப்போர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும்: குறை சொன்னவர் தண்டிக்கப்படமாட்டார். இல்லையென்றால் எல்லாப் படிவங்களும் நூற்றுக்கு நூறு நிறைவு என்றே வந்து சேரும்.

இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு. பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு 2021 முதல் தாக்க மதிப்பீடு சட்டப்படி தேவையாகியுள்ளது. ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவாகும் திட்டங்களுக்கு அது பொருந்தும். நிதி தருபவருக்குக் காட்டுவதற்காகவே எண்களைச் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எண்ணில் அடங்காத பணிகள் ஓரங்கட்டப்படும். இறக்கும் தறுவாயில் இருக்கும் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. எளிதில் முன்னேறக் கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, கடினமானவர்களைத் தவிர்க்கும் ஆபத்தும் வரும். அது நற்செய்திக்கு எதிரானது.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் கையொப்பமிட்ட ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்னும் சுற்றுமடலின் 31ஆம் பத்தியில் இரண்டையும் இணைக்கிறார். அன்புப் பணியாளருக்குத் தொழில்திறன் அடிப்படைத் தேவை; ஆனால் அது மட்டும் போதாது, இதயப் பயிற்சியும் வேண்டும் என்பது அவருடைய போதனை. திறன் இல்லாத அன்பு தவறான இடத்தில் படகைக் கொடுத்துவிடும். அன்பு இல்லாத திறன் மனிதரை எண்ணாக்கிவிடும்.

நமது பங்கில்

இரவுச் செபத்தில் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். இன்று யாருக்கு நன்மை செய்தேன், யாரைக் கடந்து போனேன் என்று கடவுள் முன் கேட்கிறோம். அதையே ஒரு சமூகமாகச் செய்தால் என்ன? பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். அதனால் பயன்பெற்றவர்களில் ஐந்து பேரையும், இடையில் நின்றவர்களில் ஐந்து பேரையும் சந்தித்துக் கேட்போம். அவர்கள் சொல்வது நமக்கு வருத்தம் தரலாம். மனிதர்கள் இன்னும் மரங்களைப் போலத்தான் தெரிகிறார்கள் என்று அவர்கள் சொன்னால், ஆண்டவர் செய்ததையே நாமும் செய்வோம். மீண்டும் ஒருமுறை கைகளை வைப்போம்.

பரங்கிமலையில் இறைவேண்டல் செய்து, இந்த மண்ணில் நற்செய்தி விதைத்த புனித தோமா, காயங்களைத் தொட்டுப் பார்க்க விரும்பியவர். ஆண்டவர் அவரை ஒதுக்கிவிடவில்லை. தம் காயங்களைக் காட்டினார். ஏழைகளின் காயங்களை நெருங்கிப் பார்க்கும் துணிவையும், பார்த்தபின் பணியைத் திருத்திக்கொள்ளும் தாழ்ச்சியையும் இறைவன் நமக்குத் தருவாராக.