அல்சாஸ் அருங்காட்சியகம் கற்பிக்கும் பாடம்



பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' சிறுகதையை நம்மில் பலர் படித்திருப்போம். அல்சாஸ் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டுமே கற்பிக்கப்படும் என்று ஆணை வருகிறது; முதிய ஆசிரியர் தம் இறுதிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். மொழிப்பற்றுக்குச் சான்றாக நானும் இதனை வகுப்பில் கூறியதுண்டு. ஆயினும், அக்கால அல்சாஸ் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று. ஜெர்மன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அல்சாசியம். கதை இதனைச் சொல்வதில்லை.

ரைன் ஆற்றுக்கும் வோழ் மலைத்தொடருக்கும் இடையே அமைந்த எல்லைப்பகுதி அல்சாஸ். மலைச்சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். ஒயின் தயாரிப்பே பல சிற்றூர்களின் வாழ்வு. இம்மண் 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனிக்குச் சென்றது. 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் நாஜி ஜெர்மனியின் பிடியில் வீழ்ந்தது. 1944-45இல் மீண்டும் பிரான்சுடன் இணைந்தது. 1870இல் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒருவர், சொந்த ஊரைவிட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறினார். பள்ளி மொழியும் உடன் மாறியது.

ஜெர்மானியர் ஆட்சியில், 1902இல், உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் ஸ்திராஸ்பூர்க் நகரில் அல்சாஸ் அருங்காட்சியகம் அமைக்க முற்பட்டனர். ஆற்றங்கரைப் பழைய வீடொன்றில் 1907இல் அது திறக்கப்பட்டது. 1917இல் நகராட்சியின் உடைமையாயிற்று. மன்னர்களின் வாளையும் மகுடத்தையும் அவர்கள் தேடவில்லை. வண்ணந்தீட்டிய மரப்பெட்டிகள், குளிர்காய உதவிய அடுப்புகள், பெண்களின் தலையணிகள், பொம்மைகள், திராட்சை விவசாயியின் கருவிகள், யூதக் குடும்பங்களின் வழிபாட்டுப் பொருள்கள் என எளிய மக்களின் உடைமைகளையே சேர்த்தனர்.

1945க்குப் பின் பள்ளிகளில் அல்சாசியம் பேசிய பிள்ளைகள் கண்டிக்கப்பட்டனர். பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று சுவரொட்டிகள் முழங்கின. பிள்ளைகளின் எதிர்காலம் கருதி, பெற்றோரும் வீட்டில் பிரெஞ்சுக்கு மாறினர். ஆட்சிகள் மாறியபோதெல்லாம் தாக்குப்பிடித்த மொழி, வீட்டில் கைவிடப்பட்ட பின்னரே விரைந்து தேய்ந்தது. மரப்பெட்டியும் அடுப்பும் பத்திரமாக உள்ளன. அவற்றின் பெயரை அல்சாசியத்தில் சொல்லும் பிள்ளைகள் அருகிவிட்டனர். 1990களின் தொடக்கத்தில் பெற்றோர் சிலரே சங்கம் அமைத்து இருமொழி வகுப்புகளைத் தொடங்க நேர்ந்தது.

நமக்குத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அது மட்டும் போதும் என்று இருந்துவிடலாகாது என்பதே அல்சாஸ் தரும் பாடம். ஆசிரியர்களே, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றின் பெயரையும் பயனையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களைப் பணியுங்கள். பெற்றோர்களே, அந்த உரையாடல் தமிழிலேயே நடக்கட்டும்.