செம்பனை வந்த பாதை – 9: பூவில் மொய்த்தது என்ன?

கொரியப் போர் ஓய்ந்ததும் ரப்பர் விலை சரிந்ததையும், செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். பால்மரத்தை மட்டும் நம்பினால் மலாயா பிழைக்காது. வேறு எதை நடுவது?

விடை கண்ணெதிரே நின்றது. 1917-லேயே சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்ட செம்பனை! ஆனால், அது பெருந்தோட்டங்களின் பயிராகவே இருந்துவந்தது. காரணம், அதன் பழம். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்திவிட்டால், வீட்டில் வைத்திருந்து விற்கலாம். செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டியதை உடனுக்குடன் ஆலையில் நீராவியில் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பத்து ஏக்கர்காரன் ஆலைக்கு எங்கே போவான்?

இங்கேதான் அரசு இறங்கியது. 1956-ல் தொடங்கப்பட்ட அரசின் நில மேம்பாட்டு அமைப்பான ஃபெல்டா, 1961-ல் ஜொகூரில் செம்பனையைக் கையில் எடுத்தது. காட்டைத் திருத்தி, கன்று நட்டு, வீடு கட்டி, நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றியது. குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர். செலவு கடனாக எழுதப்பட்டு, குலை விற்ற பணத்தில் கழியும். ஆலையும் ஃபெல்டாவுடையதே.

குடியேறியவர்கள் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களில் மிகப் பலருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

மரங்கள் வளர்ந்தன, பூத்தன. அப்போது வந்தது சோதனை. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் மாறி மாறித்தான் வரும். இளமரங்களில் மகரந்தம் சேராமல் குலைகள் பதராயின. தொழிலாளர்கள் ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் தூளில் கலந்து, முள்மட்டைகளுக்கிடையே கைவிட்டு, ஒவ்வொரு பெண்பூவிலும் ஊதினார்கள். நிலமும் கடனும் ஆலையும் தந்த அரசால் இந்த ஒன்றைத் தர முடியவில்லை.

யூனிலீவர் தோட்டங்களின் அதிகாரி லெஸ்லி டேவிட்சனுக்கு மட்டும் ஒரு நினைவு அரித்துக்கொண்டே இருந்தது. கேமரூனில் அவர் பணியாற்றிய தோட்டத்தில் யாரும் மகரந்தம் ஊதியதில்லை. ஆனாலும் குலைகள் நிறைந்து காய்த்தன. அங்கே ஆண்பூக்களில் ஏதோ மொய்த்துக்கொண்டிருந்தது! காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்று நிபுணர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். பூவில் அவர் கண்டது ஓர் உயிர். ஆனால், அந்நிய நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து, இத்தனை குடும்பங்கள் நம்பியிருக்கும் பயிரின் நடுவே அவிழ்த்துவிட மலேசிய அரசு சம்மதிக்குமா? அது பூவை விட்டு மரத்தைத் தின்னத் தொடங்கினால்?

(தொடரும்)