கருஞ்சாந்து நூடில்சும் கோதுமை மாவும்: கொரியச் சீன உணவகம் பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

தென்கொரியாவிலே பிள்ளையின் பள்ளிப் படிப்பு நிறைவுறும் நாளிலும் வீடு மாறும் நாளிலும் குடும்பத்தார் கூடியுண்ணும் உணவு ஜாஜாங்மியோன் ஆகும். கரிய சோயாச் சாந்தில் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வதக்கிக் கோதுமை நூடில்சின்மேல் ஊற்றப்படும் இவ்வுணவு சீன உணவகத்திற்கே உரியது. ஆயினும் சீனத்திலிருந்து வருவோர் இதனைத் தம்முடையதென எளிதில் இனங்காணார். இதனைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மாத்திரம் கூறி அமைவோர் அதன் பொருளியல் அடித்தளத்தைக் காணத் தவறுகின்றனர்.

1882 இல் சியோலில் மூண்ட படைவீரர் கிளர்ச்சியை அடக்க வந்த சிங் அரசின் படையைத் தொடர்ந்து சீன வணிகரும் கொரியா புகுந்தனர். 1883 இல் இஞ்சியோன் துறைமுகம் திறக்கப்பட, மறுவருடம் அங்கு சீனர் குடியிருப்பு அமைந்தது. வந்தோரிற் பெரும்பாலார் மஞ்சட் கடலுக்கு அப்பாலுள்ள ஷாண்டொங் மாகாணத்தவர். சாந்து நூடில்சும் அவர்களுடன் வந்ததே. அங்கெழுந்த 'கொங்ஹ்வாச்சுன்' (சீனக் குடியரசு பிறந்தபின் சூடிய இப்பெயருக்குக் குடியரசின் வசந்தம் என்பது பொருள்) செல்வர் கூடும் விருந்து மண்டபமாகவே விளங்கிற்று. எளியோரின் குடும்ப உணவகம் பிறப்பதற்கு வேறு நிலைமைகள் வேண்டியிருந்தன.

ஹ்வாக்யோ எனப்படும் இச்சீனர் தொடக்கத்தில் வணிகராயும் மரக்கறித் தோட்டக்காரராயும் கூலிகளாயும் வாழ்ந்தனர். 1931 இல் நிகழ்ந்த சீனர் எதிர்ப்புக் கலவரங்களில் அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1949 இன் சீனப் புரட்சியும் கொரியப் போரும் தாயகத்துடனான வணிகத்தைத் துண்டித்தன. 1961 இன் அந்நியர் காணிச் சட்டமும் 1968 இன் திருத்தமும் குடும்பமொன்றுக்கு ஒரு வீடும் ஏறத்தாழ 165 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு கடையுமே உரித்தாகலாம் என வரையறுத்தன. நிலமும் பெருவணிகமும் மறுக்கப்பட்டவர்க்கு அடுப்பே எஞ்சிற்று. இதனைச் சீனரின் சமையல் நாட்டம் எனப் புகழ்வது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

மாவின் வரலாறு இங்கு அவதானிக்கத்தக்கது. 1954 இன் அமெரிக்க உபரி வேளாண்பொருட் சட்டத்தின்கீழ்க் கோதுமை பெருமளவில் கொரியா வந்தடைந்தது. அரிசிப் பற்றாக்குறையை எதிர்கொண்ட அரசு 1960களிலும் 1970களிலும் மாவுணவை வற்புறுத்திற்று. (கோதுமை விளையாத நாட்டிலே பாண் அன்றாட உணவான கதையை அறிந்த ஈழத்து வாசகருக்கு இது புதிதன்று.) கருகிய சீனிப்பாகு கலந்த இனிய கருஞ்சாந்தும் 1948 முதல் ஆலை உற்பத்தியாகக் கிடைத்தது. ஆலைத் தொழிலாளரின் கூலி தாழ்ந்திருக்க வேண்டுமெனில் உணவின் விலையும் தாழ்ந்திருத்தல் அவசியம். ஜாஜாங்மியோனின் விலையை அரசே கட்டுப்படுத்தியமை தற்செயலன்று. எனினும், மலிவான அந்தக் கோப்பையே தொழிலாளர் குடும்பத்தின் முதல் கொண்டாட்டமும் ஆயிற்று. சுரண்டலின் தேவையும் மக்களின் மகிழ்ச்சியும் ஒரே மேசையிற் சந்தித்தன.

அம்மேசைக்குப் பரிமாறியோரோ 1970களில் பெருந்தொகையாகத் தாய்வானுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் வெளியேறினர். உணவகங்கள் கொரியர் கைக்கு மாறின. காணிக் கட்டுப்பாடு 1998 இலேயே நீங்கிற்று. நிரந்தர வதிவுரிமை 2002 இல் வந்தது. 1983 இல் மூடப்பட்ட கொங்ஹ்வாச்சுன் கட்டடம் 2012 இல் ஜாஜாங்மியோன் நூதனசாலையாயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் சென்ற ஹ்வாக்யோ சிலர் அங்கும் அதே உணவகங்களைத் திறந்தனர். அவற்றை நாடி வந்தோர் கொரியாவிலிருந்து குடிபெயர்ந்த கொரியக் குடும்பத்தினரே.