நூற்றிருபது கலம் நெல்லும் ஒரு பொன்னாடையும்

டெல்டாவில் வரலாற்றுக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதைப் பெரிதாக விவரிக்க வேண்டியதில்லை. ஆறு மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தால் ஆறே முக்காலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரைக்குப் பிறகு பொன்னாடை, அதற்குப் பிறகு சிறப்புச் சொற்பொழிவு. பேச்சாளர் சோழர் கப்பற்படையில் ஏறிக் கடாரம் வரை போய்த் திரும்பியதும், முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் மெல்ல எழுந்து கேட்பார்: "ஐயா, நீங்க சொன்னது எந்தக் கோயில் கல்வெட்டுல இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அஞ்சாத பேச்சாளர்தான் இந்த வட்டாரத்தில் நிற்க முடியும். வேறு ஊர்களில் வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. இங்கே அது தெருக்கோடிக் கோயிலின் சுவரில் இருக்கிறது.

பழங்கதையைக் கூட்டத்தின் முன் நிகழ்த்துபவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் அப்படி ஒரு சுவரில்தான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் 'இராசராசேசுவர நாடகம்' ஆட, திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆச்சாரியன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்கிறது அது. இரண்டு கலம் ஒரு மூட்டை என்ற நம் பக்கத்துக் கணக்குப்படி 60 மூட்டை. கலத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கும், ஆனாலும் பொன்னாடையோடு ஒப்பிட்டால் கூத்தன் பாடு தேவலை. நாடகத்தின் பிரதி கிடைக்கவில்லை. கோயில் எழுந்த கதையா, அதைக் கட்டிய அரசனின் கதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பேசியது காற்றோடு போயிற்று, கொடுத்த நெல்லின் கணக்கு கல்லில் நின்றுவிட்டது.

கூத்தாக இருந்தது மேடைப்பேச்சாக மாற நெடுங்காலம் பிடித்தது. பாதிரிமார்களின் பிரசங்க முறையைக் கையிலெடுத்து, 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் வந்த அவரது பேச்சைக் கேட்டு 1849இல் 'நாவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது காவிரிக்கரைத் திருவாவடுதுறை ஆதீனம். அதே நூற்றாண்டில் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன முறையைத் தழுவித் தமிழில் அரிகதை நடத்தினார். இரவு முழுதும் உட்கார்ந்து கேட்கும் காதுகள் டெல்டாவில் ஏற்கெனவே தயாராக இருந்தன. அந்தக் காதுகளுக்கு வரலாறு போய்ச் சேருவதுதான் பாக்கி.

தங்கள் ஊரின் பெரிய கோயிலையே யார் கட்டியது என்பதில் அப்போது குழப்பம். தலபுராணம் கரிகாலனைக் காட்டியது. ஜி.யு. போப் காடுவெட்டிச் சோழன் என்றார். 1880களின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ச் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் முதலாம் இராசராசனின் பெயர் ஐயமின்றித் தெரிந்தது. தெரிந்தது சரி, அச்சானது ஆங்கிலத்தில். தஞ்சாவூர்க் கடைத்தெருவில் அதைப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்த இடைவெளியில்தான் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வருகிறது. 1911 மே 14 அன்று தஞ்சாவூரை ஒட்டிய கருந்தட்டாங்குடியில் இராதாகிருட்டினனார் தொடங்கிய சங்கத்துக்கு, அவருடைய அண்ணனும் வழக்கறிஞருமான உமாமகேசுவரனார் முதல் தலைவர். ஆண்டு விழாவுக்கு வெளியூர்ப் புலவர்களை அழைத்துப் பேசவைத்தார்கள். 1925 முதல் வந்த 'தமிழ்ப் பொழில்' இதழில் கல்வெட்டும் ஊர்ப்பெயரும் செய்யுளும் அருகருகே இடம்பெற்றன. நடுக்காவேரியில் பிறந்த ந.மு. வேங்கடசாமி நாட்டார் கடைசிக் காலத்தில் இந்தச் சங்கத்தின் புலவர் கல்லூரிக்கு ஊதியமின்றி முதல்வராக இருந்தார்.

பொழிலில் எழுதியவர்களில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரைப் பற்றிச் சற்று நின்று பேசலாம். 1892 ஆகஸ்ட் 15இல் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். அவருக்கு மூன்றே நாள் மூத்தவர், கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நீலகண்ட சாஸ்திரி. சாஸ்திரியார் பல்கலைக்கழகத்தில் இருந்து சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் கால் நூற்றாண்டு தமிழாசிரியராக இருந்தபடியே அதைத் தமிழில் எழுதத் தொடங்கினார். 1942இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அவர் பிறந்த ஊரே ஒரு போர்க்களம். 880ஐ ஒட்டி, பல்லவன் அபராசிதனும் சோழன் ஆதித்தனும் ஒரு பக்கம், பாண்டியன் வரகுணன் மறுபக்கம் என நின்ற போரில் கங்க மன்னன் பிருதிவீபதி மாண்டான். குருதியை நினைவூட்டும் இடப்பெயர் அங்கே இன்னும் வழக்கில் இருக்கிறது. சிறுவயதில் ஓடியாடிய திடலின் பெயரே சான்றாகக் கிடைத்தவருக்கு ஊர்க்காரர்களின் பேச்சை அலட்சியப்படுத்தத் தோன்றாது. 1946இல் தன் ஊரின் தல வரலாற்றையும் தனி நூலாகவே எழுதினார்.

பண்டாரத்தாரும் சாஸ்திரியாரும் முரண்பட்ட இடமும் உண்டு. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது இன்றும் எந்தக் கூட்டத்திலும் எழாமல் போகாத கேள்வி. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலம் பறிமுதலானதையும் சொல்கிறது. இதில் பின்னர் அரசனான உத்தம சோழனின் கை இருக்கலாம் என்று சாஸ்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் அதே கல்லைப் படித்து மறுத்தார். சான்று ஒன்று, முடிவு இரண்டு. மேடையில் இரண்டையும் சொல்லிவிட்டு இறங்குபவரே நேர்மையான பேச்சாளர்.

ஆனால் 1950இல் கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினார். திருப்புறம்பியம் பள்ளிப்படையில் நள்ளிரவில் சதிகாரர்கள் கூடினார்கள், நந்தினி வந்தாள். அவள் கல்கியின் கற்பனை என்பதை எடுத்துச் சொன்னால் சில அரங்குகளில் பேச்சாளர் மீதே கோபம் வருகிறது. 2022இல் படம் வந்த பிறகு கோபம் கூடியிருக்கிறது. கல்கியைக் குறை சொல்ல முடியாது, அவர் நாவல்தான் எழுதினார். நாவலை மனப்பாடம் செய்துகொண்டு வந்து வரலாறு என்று பேசுகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அதே 2022இல், பெரிய கோயிலில் நடக்கும் இராசராசனின் ஐப்பசிச் சதய விழா அரசு விழாவானது. கருத்தரங்கம், கவியரங்கம், பட்டிமன்றம் எல்லாம் உண்டு. மேடையின் முதுகுப்பக்கம், சற்றுத் தொலைவில், அந்த 120 கலம் நெல் இருட்டில் நிற்கிறது. அதைப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்த முறை உங்கள் ஊர் வாசகர் வட்டமோ ரோட்டரி சங்கமோ வரலாற்றுப் பேச்சாளரை அழைத்தால், கூட்டத்தை மாலையில் மண்டபத்தில் வைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு ஊர்க் கோயிலின் சுவரருகே வையுங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும்.